கம்பி போடாத கேக்

சூடு ஆறாத கேக்கின் தலையில் ரசமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி. மாடிக்குப் புதிதாகக் குடிவந்த நர்சம்மா மொட்டைமாடிச் சாவி கேட்டு வந்து, அவரை முதன்முதலில் பார்த்தது அந்தக் கோலத்தில்தான். "கொஞ்சம் இருங்க. ஜன்னல் பக்கம் ஒரு நூல் தூக்கலா இருக்கு" என்றார், திரும்பிப் பார்க்காமலே. நர்சம்மா சாவியை மறந்துவிட்டுத் தானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். தூக்கலாகத்தான் இருந்தது.

வாரம் முழுக்கச் சுவர் பூசுகிறவர், லீவு நாளில் கேக் பூசுகிறார். மைதாவைச் சலிக்கும்போது மணல் சலிக்கிற அதே ஆட்டம். கட்டிகள் சல்லடையில் நின்றால் கோபமாக ஒரு தட்டு. மாவு என்று ஒருநாளும் சொல்லமாட்டார், கலவை. க்ரீம் என்பது பூச்சு. அன்று மட்டும் மனைவிக்குச் சித்தாள் உத்தியோகம். "முட்டை கொண்டா, பால் கொண்டா" என்று குரல் கொடுப்பார். "சித்தாளும் சாயங்காலம் வேற மேஸ்திரிகிட்டப் போயிடுவா, பாத்துக்குங்க" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

கேக் வேகும்போது நடுவில் உப்பினால் அவருக்கு அது சொந்த அவமானம். "தளம் தொப்பை போட்டா மழைத்தண்ணி எங்க போயி நிக்கும்?"

"கேக்கு மேல எதுக்குங்க மழை பெய்யுது?" என்பாள் மனைவி.

மேஸ்திரி மட்டக்கோலை எடுத்து ஓரத்திலிருந்து ஓரம் ஒரே இழுப்பு இழுப்பார். சீவி விழும் தொப்பைக்குத்தான் வீட்டில் அடிதடி. உண்மையைச் சொன்னால், கேக்கைவிட அந்தக் கழிவுதான் ருசி.

அடுப்பில் ஒன்று வேகிற நேரத்தில் கை சும்மா இருக்காது. முட்டை அட்டையில் பூ வெட்டுவார், பால் டின்னில் பேனாக் கூடு செய்வார், செருப்புப் பெட்டியில் பொம்மைக்குக் கட்டில் போடுவார். காகிதத் தோரணம் கட்டினால்கூடத் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்துத்தான் ஆணி அடிப்பார். அவர் செய்த பொம்மைக் கட்டிலில் மச்சினன் ஒருமுறை தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். கட்டில் தாங்கியது, அவன் கால்சட்டைதான் கிழிந்தது. அவன் தொழில் தையல் என்பதால் அந்தக் கதையை இன்றுவரை யாரும் விடவில்லை.

இத்தனை திறமையும் போன வருஷம் ஒரே நாளில் கவிழ்ந்தது. மகளை வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். அவள் பிறந்தநாளுக்கு வீடு மாதிரி ஒரு கேக் கட்டினார் மேஸ்திரி. பூசி முடித்தவருக்கு மனசு கேட்கவில்லை. "கம்பி இல்லாமக் கட்டடமா?" என்று நாலு மூலையிலும் ஐஸ்கிரீம் குச்சிகளை இறக்கிவிட்டார். சுண்டெலி கத்தியை வைத்து அழுத்தினாள். டக். இன்னொரு பக்கம் அழுத்தினாள். டக். "மாமா, இதை வெட்ட முனிசிபாலிட்டில பர்மிஷன் வாங்கணுமா?" என்றான் மச்சினன். கடைசியில் பிய்த்துத் தின்றார்கள். சுண்டெலியின் சிநேகிதிக்கு ஆடிக்கொண்டிருந்த பல் ஒரு குச்சியோடு போய்விட்டது. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் சுண்டெலிக்குப் பேர் 'கம்பி கேக்'.

அதனால் இந்த வருஷம் அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "கடை கேக்தான்."

மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. ஊரார் வீட்டுக்கெல்லாம் சுவர் எழுப்பியவனை, சொந்த மகள் வேலையை விட்டு நிறுத்திவிட்டாளே. இரண்டு நாள் பார்த்துவிட்டு மனைவி இடையில் புகுந்தாள்.

"கம்பி போடமாட்டேன்னு சொல்லுங்க."

"கம்பி போடல."

"குச்சியும்தான்."

"மூலைக்கு ஒண்ணே ஒண்ணு..."

"அப்பா" என்றாள் சுண்டெலி.

மாவு டப்பாவின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஒரு குச்சி கண்ணில் பட்டாலும் ஆயுசுக்கும் கடை கேக் என்று ஒப்பந்தம்.

பிறந்தநாள் அன்று இரண்டு மாடியில் வீடு எழுந்தது. பிஸ்கட் கூரை, மிட்டாய் ஜன்னல், ஏறிப் போகப் படிக்கட்டுகூட உண்டு. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மேஸ்திரி மட்டும் பின்சுவரையே பார்த்தார். அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவில் மேல்மாடி பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. வெட்டலாம் என்றால் பல் போன சிநேகிதி இன்னும் வந்து சேரவில்லை. அவள் இல்லாமல் வெட்டமாட்டேன் என்று சுண்டெலி ஒற்றைக்காலில் நின்றாள்.

அவர் சட்டைப் பையில் ஒரு குச்சி இருந்தது. பழக்கதோஷம். கை பை வரைக்கும் போனது, நின்றது, திரும்பி வந்தது. பிறகு மேசைக்குப் பின்னால் போய், உள்ளங்கையைப் பின்சுவருக்கு முட்டாகக் கொடுத்து நின்றுகொண்டார்.

நர்சம்மா ஜூஸ் நீட்டினார். இடக்கையால் வாங்கிக் குடித்தார். போன் அடித்தது, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். மூக்கு அரித்தது, அதைத் தோளில் தேய்த்துக்கொண்டார்.

"என்ன மாமா, சம்பந்தி தோள்ல கை போட்ட மாதிரி நிக்கிறீங்க?" என்றான் மச்சினன்.

"போட்டோவுக்கு."

"யாருமே எடுக்கலயே."

"எடுப்பாங்க. நீ போ."

மனைவி பக்கத்தில் வந்து காதோரம் கேட்டாள். "உள்ள போட்டுட்டீங்களா?"

"இல்ல."

"அப்பக் கைய எடுங்க."

"எடுத்தா வீடு போயிடும்."

அவள் அவர் நெற்றி வியர்வையைப் பார்த்தாள். சுவரிலிருந்த காகிதத் தோரணத்தின் ஒரு முனையைக் கழற்றி, அவர் முழங்கையின் மேல் சுற்றிவிட்டாள். அலங்காரத்தோடு அலங்காரமாக மேஸ்திரியும் நின்றார்.

ஒருவழியாகச் சிநேகிதி வந்தாள், புதுப்பல்லோடு. பாட்டுப் பாடினார்கள். சுண்டெலி மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை வைத்தாள். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி அது அடிமட்டம் வரைக்கும் இறங்கியது. அவள் முகம் மலர்ந்த அதே நொடியில் மேல்மாடி முழுசாகக் கழன்று, கூரையும் ஜன்னலுமாக மேஸ்திரியின் கையில் வந்து உட்கார்ந்தது.

மேஸ்திரி கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே துண்டா வந்திருக்கு பாருங்க. கலவைல குறை இல்ல."

வீடு சிரிப்பில் அதிர்ந்தது. சுண்டெலி சிரிக்கவில்லை. இடிபாட்டில் விரலை விட்டு நாலு மூலையும் துழாவினாள். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோதுதான் அப்பாவின் சட்டைப் பையில் எட்டிப்பார்த்த குச்சி கண்ணில் பட்டது. முகம் கறுத்தது. மெதுவாக அதை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, க்ரீம் ஒட்டியிருக்கிறதா என்று கடைசிச் சோதனையாக நாக்கால் ஒரு நக்கு நக்கினாள்.

"வெறும் மரம்தான்" என்று எல்லோருக்கும் அறிவித்தாள். பிறகு அந்தக் குச்சியாலேயே அவர் உள்ளங்கையிலிருந்து ஒரு துண்டு வழித்து அவர் வாயில் ஊட்டினாள்.

இப்போது மேஸ்திரி ஊருக்கு வெளியே எழும்பிவரும் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாவது மாடிச் சாரத்தில் நிற்கிறார். அடுத்த பிறந்தநாளுக்கு மூன்று மாடி கேட்டிருக்கிறாள் சுண்டெலி. அடிமாடிக்கு மட்டும் ஒரு குச்சி அனுமதி. சாப்பாட்டு வேளையில் அவர் தூக்குவாளியைத் திறந்து, சாதத்தின் மேல்பகுதியைக் கரண்டியால் மட்டம் செய்துவிட்டுத்தான் முதல் வாய் எடுக்கிறார்.