ஒரு கையெழுத்துக்குப் பதினொரு விருந்து

ஹாம்பர்க் நகரத்தில் பயிற்சிக்காக இருந்த இரண்டு ஆண்டுகளில் நான் பதினொரு உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பதினொன்றுக்கும் அழைத்துப் போனவர் எங்கள் ஊர்ப் பண்ணையாரின் மகன். இதைப் படித்துவிட்டு அவருடைய தாராள மனசை யாரும் மெச்ச வேண்டாம். அவருக்கு என் கையெழுத்து தேவைப்பட்டது. மன்னார்குடி ரோட்டை ஒட்டிய இரண்டு ஏக்கர் நஞ்சை என் அப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா இறந்துவிட்டதால், அது அவர்கள் கைக்குத் திரும்ப நான் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விஷயம் எனக்குத் தெரிந்தது பதினோராவது விருந்தில்தான். அதுவரை, குளிர்தேசம் மனிதர்களைத் திருத்திவிடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா அந்தப் பண்ணையில் கூலியாள். கூலியாள் பெயரில் நிலம் எப்படி வந்தது என்று கேட்பவர்கள், கழக ஆட்சி வந்த புதிதில் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நிலம்தான் என்று சட்டத்தை இறுக்கினார்கள். பண்ணையார் சட்டத்தை மதிப்பவர். ஆட்சி மாறியதும் வேட்டிக் கரையையே மாற்றிக்கொண்டவருக்குப் பட்டாவில் பெயர் மாற்றுவதா கஷ்டம்? மச்சினன், கணக்கப்பிள்ளை, சமையல்காரர், தொட்டிலில் கிடந்த பேத்தி என்று கண்ணில் பட்டவர்களின் பெயருக்கெல்லாம் எழுதினார். பெயர்கள் தீர்ந்துபோனபோது அப்பா ஞாபகம் வந்திருக்க வேண்டும். விளைச்சல் மட்டும் பழையபடி பண்ணையார் வீட்டுக் களஞ்சியத்துக்கே போனது.

மகன் எனக்கு முன்பே ஹாம்பர்க் வந்து, நான்கு ஆண்டுகளாக ஒரே படிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் என் அறைக் கதவைத் தட்டினார்.

"வாங்க, வெளியில போயி சாப்பிடலாம்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. பண்ணை வீட்டிலிருந்து எங்கள் குடும்பத்தைப் பார்த்து யாரும் அதுவரை 'வாங்க' என்று சொன்னதில்லை. எனக்கும் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று குழப்பம். ஊரில் என்றால் சின்னய்யா. ஹாம்பர்க்கில் அது வாயில் வரவில்லை. பெயர் சொல்லவும் தைரியமில்லை. பதினொரு விருந்தையும் 'என்னங்க' என்றே ஓட்டினேன்.

முதலில் போனது ஒரு இத்தாலிக் கடை. அவர் சைவம் என்பதால் இருவருக்கும் சோறு சொன்னார். வந்தது. நடவாள்களுக்குச் சமைக்கும்போது யாராவது சோற்றை அந்தப் பதத்துக்குக் குழைய விட்டிருந்தால் அன்றைக்கு வயலில் பெரிய சண்டையே நடந்திருக்கும். இங்கே அதன் மேல் வெண்ணெயும் போட்டு, ஒருவர் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனார். இருந்தாலும் வழித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தேன்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்கள் குடித்த கிளாஸை நாங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். பண்ணை வீட்டுக் கொல்லையில் சாப்பாடு போட்டால், இலையை எடுத்து எறிந்துவிட்டு, உட்கார்ந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இன்ஜினியர் பட்டம் வாங்கியது எனக்குத்தான் தெரியும், என் கைக்கு அது தெரியாது. பரிமாறுகிறவர் ஓடிவந்து தட்டைப் பிடுங்கினார். நான் வேலை கேட்கிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆச்சரியப்படாதவர் ஒருவர்தான். பண்ணையார் மகன் நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். நான் தட்டைத் தூக்கியதில் அவருக்கு விசேஷமாக எதுவும் படவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒரு கடை. கிரேக்கக் கடையில், இலையில் சோறு வைப்பதற்குப் பதிலாகச் சோற்றை இலைக்குள் வைத்துச் சுருட்டியிருந்தார்கள். ஜெர்மன் கடையில் பாலில் வெந்த சோற்றின் மேல் சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவி, இது சாப்பாடு என்று சாதித்தார்கள். காவிரிப் பாசனத்தில் பிறந்தவன் உலகம் சோற்றை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்க வேண்டுமானால் வெளிநாடு போக வேண்டும். துறைமுகத்துப் பக்கம் மீன் வாசனை வரும்போதெல்லாம் எனக்கு வாய்க்கால் விரால் நினைவில் நாக்கு ஊறும். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை அடுத்த உருளைக்கிழங்குக்கு இழுத்துப் போவார். ஒவ்வொரு கடையிலும் கடைசியில் என் கை தட்டுக்குப் போகும். நான் தொடையின் கீழே கையை வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வேன்.

இதற்கிடையே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். சின்னய்யா தங்கமானவர், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம் என்று பெருமையடித்தேன். 'பாத்து சாப்புடு' என்று மட்டும் பதில் வந்தது. வயிற்றுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பதினோராவது கடை ஏரிக்கரையில். வெள்ளை மேசைவிரிப்பு, ஆளுக்கு மூன்று கத்தி. சாப்பிட்டு முடிக்கும்போது அவர் கோட்டுப் பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணுமில்ல, ஒரு விடுதலைப் பத்திரம். ரோட்டோரமா ரைஸ்மில் கட்டலாம்னு அப்பா நெனைக்கிறாரு. அந்த ரெண்டு ஏக்கர் பேருக்குத்தான் ஒங்க அப்பாவுது. திருப்பி எழுதி வாங்கறதுக்குள்ள அவரு போய்ட்டாரு. ஒங்க அம்மாவக் கேட்டா, மொதல்ல மவன் போடட்டும்னுட்டாங்க."

"எங்கப்பாவுக்கு நெலம் இருந்துச்சா?"

"அவருக்கே தெரியாதுங்க," என்று சிரித்தார். "கொல்லையில சாப்பாடு போட்டு வச்சாங்களாம். என்ன ஏதுன்னு கேக்கலியாம், சாப்ட்ட கையோட கைநாட்டு வச்சிட்டாராம். நல்ல மனுஷன்."

அந்தச் சாப்பாடு எனக்குத் தெரியும். அப்பா அதைப் பல வருஷம் சொல்லியிருக்கிறார். வாழைக்காய் வறுவல், சேமியா பாயசம், அய்யா பக்கத்தில் நின்று இன்னும் போடச் சொன்னார். அதற்கு அடுத்த அறுப்பில் தெருவே கூலிக்காகக் கொடி பிடித்தது. அறுத்த கலத்துக்கு அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டு அப்பா முன்வரிசையில் நின்றார். போலீஸ் அடித்ததில் அவருடைய இடது மணிக்கட்டு கோணிப்போனது. கடைசிவரை அந்தக் கையால் நாற்றுமுடி பிடிக்க முடியவில்லை. எந்த வயல் வரப்பில் அடித்தார்கள் என்று எனக்குக் காட்டியிருக்கிறார். மன்னார்குடி ரோட்டை ஒட்டிய வரப்பு.

அவர் தன் சொந்த வயலில் நின்று கூலி கேட்டு அடி வாங்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. நான் சாப்பிட்ட பதினொரு கடைச் சாப்பாடும் அந்தக் கொல்லைச் சாப்பாடும் ஒன்றேதான் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

பண்ணையார் மகன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"போட மாட்டேங்க," என்றேன்.

"என்ன?"

"நெலம் எங்கப்பா பேர்லயே இருக்கட்டும்."

அவர் பேனாவை மூடினார். பத்து மாதமாகக் காணாமல் போயிருந்த குரல் திரும்பி வந்தது. "என்னடா, திமிரா?"

எழுந்தேன். பழக்க தோஷம், கை தட்டைப் பிடித்துவிட்டது. அதை மறுபடி மேசையில் வைத்தேன். எச்சில் தட்டு, பக்கத்தில் முத்திரைத்தாள். பரிமாறுகிறவர் வந்து தட்டை எடுத்துக்கொண்டு, சாப்பாடு பிடித்திருந்ததா என்று கேட்டார். தாளையும் எடுக்கட்டுமா என்று பார்வையாலேயே கேட்டார்.

"அது அவரோடது," என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.