அஞ்சலையக்காவுக்கு ஏன் தம்ளர் இல்லை?

சுனாமி நிவாரணத்துக்காக அமெரிக்காவிலிருந்து மரக்காணம் வந்த கறுப்பினப் பெண் டெனிஸ். அவருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

"உங்க நாட்டுல அடிமைமுறையை எப்பவோ ஒழிச்சிட்டாங்க. எங்க பாடத்துலயே இருக்குது" என்று அளந்தேன்.

"அதுக்கப்புறமும் எங்கம்மாவால சின்ன வயசுல வெள்ளைக்காரங்க குழாயில தண்ணி குடிக்க முடியல. அது உன் பாடத்துல இருக்குதா? என் பாடத்துலயும் இல்லை" என்றார்.

நாங்கள் நின்ற வரப்புக்கு எதிரே உப்பளத்தில் மேஸ்திரி தம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு, அங்கே உப்பு வாரும் அஞ்சலையக்காவின் கைகளில் செம்பை உயர்த்தி ஊற்றினார்.

"அவங்களுக்கு ஏன் தம்ளர் இல்லை?"

"அது இங்க வழக்கம்" என்றேன்.

"அந்தம்மா என்னாப்பா கேக்குது?" என்றார் அஞ்சலையக்கா, வாயைத் துடைத்தபடி.

"ஒண்ணுமில்லக்கா."

டெனிஸ் மறுவாரமே ஊர் திரும்பிவிட்டார். அவர் திரும்ப வந்து, அதே வரப்பில் நின்று, அதே கேள்வியை இன்னொரு முறை கேட்கமாட்டாரா என்று இன்றும் ஏங்குகிறேன்.