கல்யாணச் சடை

என் கல்யாணக் காலையில் தலையலங்காரம் செய்யவேண்டியவர் வரவில்லை. முகூர்த்தம் நெருங்க, பதறியபடி பாரிஸின் லாச்சப்பலில் ஃபத்துவின் சலூனுக்குள் அம்மாவோடு நுழைந்தேன். எங்கள் தெருவில் கடை திறந்த முதல் கறுப்பினப் பெண் அவர். பலர் இடம் கொடுக்க மறுத்தும் விடவில்லை.

“உவவுக்கு எங்கட சடை பின்னத் தெரியுமே? கேள் பிள்ளை!” என்றார் அம்மா. வீட்டில் படித்தவள் நான்தான். பிரெஞ்சில் பக்குவமாகக் கேட்டேன்.

ஃபத்து சிரித்தார். “கடைக்கு இடம் கேட்டுப் போனபோதெல்லாம் ‘உனக்குத் தெரியுமா’ என்ற இதே கேள்விதான். சடையின் படத்தைக் காட்டு.”

விரல்கள் ஓடின. சடை அவிழ்ந்தால் மண்டபமே சிரிக்கும். அவர் கடையின் பெயரும் போகும்.

முடிந்ததும் அம்மா இழுத்துப் பார்த்தார். சடை அசையவில்லை.

“தங்கச்சியின்ர சாமத்தியவீட்டுக்கும் வருவாவோ எண்டு கேள்,” என்றார், தங்கையின் பூப்புனித நீராட்டு விழாவை நினைத்து.

நான் பட்டம் வாங்கிய அன்றுகூட அம்மாவிடமிருந்து இப்படியொரு பாராட்டு வந்ததில்லை.