எந்தக் கண்ணில் கடவுள்

என் அக்காவுக்குப் படப்பிடிப்பில் கண்டினியூட்டி பார்க்கும் வேலை. ஒரு ஷாட்டில் இடது காதோரம் இருந்த பூ அடுத்த ஷாட்டில் வலது பக்கம் போய்விட்டால் ஊரைக் கூட்டிவிடுவாள். வீட்டிலும் அதே கண்தான். அத்தான் எந்தப் பொய்யையும் இரண்டாம் முறை சொல்லத் துணிந்ததில்லை.

நாட்டியமே இறைவழிபாடு என்று காட்டும் படம் ஒன்று எடுத்தார்கள். அன்று நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். ஆடி முடிக்கும்போது நாட்டியக்காரம்மாவின் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது. டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இது நடிப்பு இல்லப்பா, சாமியே இறங்கிட்டாரு!"

அதையே குளோசப்பில் மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் சொட்டு இறங்கியது. மறுபடியும் கும்பிட்டார்.

அக்கா குறுக்கே புகுந்தாள். "சார், முதல்ல இடது கண்ணுல வந்துச்சு. இப்ப வலது கண்ணுல வருது. ரெண்டு ஷாட்டும் ஒட்டாது."

டைரக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சாமிகிட்டயும் கண்டினியூட்டி பார்ப்பியாம்மா?"

நாட்டியக்காரம்மா முகத்தை ஒற்றிக்கொண்டார். "அதுக்கு ஏன் சண்டை? இடதுலயே வர வெச்சிடறேன், லைட்டைப் போடுங்க."

வந்தது.

படம் திரையிட்ட அன்று டைரக்டர் மேடையேறி, "நாங்க எதையும் திட்டமிடலை, எல்லாம் தானா நடந்துச்சு" என்றார். அந்தச் சொட்டு திரையில் இறங்கியதும் அரங்கமே விசும்பியது. சேர்ந்து சிரிக்கலாமென்று அக்காவை முழங்கையால் இடித்தேன். அவள் திரும்பவில்லை. இரண்டு கண்ணாலும் அழுதுகொண்டிருந்தாள்.