எட்டாம் வகுப்பில் ஒரு கணக்குப் பாடம்

வேலணையில் நான் படிப்பிக்கும் ஐந்தாம் வகுப்பில் இன்று ஒரு பிள்ளை, எல்லாருக்கும் முன்னே கணக்குகளை முடித்துவிட்டுப் பென்சிலால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில், புங்குடுதீவில் நான் படித்த பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது.

அங்கே ஐந்தாம் வகுப்பில் நானும் இப்படித்தான் தட்டுவேன். ஒருநாள் ரீச்சர் என்னை அதிபரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

“எல்லாத்தையும் முடிச்சுப்போட்டு மற்றப் பிள்ளையளைக் குழப்பிறாள், சேர்.”

அடி விழப்போகிறதென்று கையைப் பின்னால் ஒளித்தேன். அதிபர் சிரித்தார்.

“கணக்குப் பாடத்துக்கு மட்டும் எட்டாம் வகுப்பில இருக்கட்டும்.”

அங்கே கதிரையில் இருந்தால் என் கால் நிலத்தில் முட்டாது. பெரிய பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். அன்றுதான் முதல் தடவையாக என் விடை பிழைத்தது. கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்த அக்கா தன் கொப்பியைக் காட்டினாள், அதிலும் பிழை.

“எனக்கும் வரேல்லையடி. வா, ரெண்டு பேரும் திருப்பிச் செய்வம்.”

மூன்றாம் முறை விடை சரிவந்தபோது, நாங்கள் கத்திய கத்தலில் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

இன்று அந்தப் பிள்ளையிடம் போய், “கஷ்டமான கணக்கொண்டு தரட்டே?” என்று கேட்டேன்.

“ஓம் ரீச்சர். பிழைச்சா ஏசமாட்டியளே?”

“பிழைக்க வேணுமெண்டுதான் தாறன்,” என்றேன்.