சாய்ந்தமருதுக்குப் போனது நாலாவது சாம்பிளுக்காக

போன வருடம் பெரும்போக அறுவடை நேரத்தில் கிழக்குக் கரையோரச் சாய்ந்தமருதுக்குப் போனேன். கடல் பார்க்கப் போகவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் நானும் மைத்துனியும் சிறிதாகக் குளியல் சவுக்காரம் செய்து விற்கிறோம். எங்களுக்கென்றே ஒரு வாசனை செய்விக்கத் தொடங்கி, திருத்தத்துக்கு மேல் திருத்தமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. நேரில் போய் முடிப்போம் என்று கிளம்பினேன். அந்தப் பக்கம் இதே வேலையாகப் போக இருப்பதாக உங்களில் சிலர் எழுதியிருந்தீர்கள். உங்களுக்காகத்தான் இது.

வாசனை கலப்பவரை நவ்பர் நானா என்று வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். வளைகுடாவில் ஒரு வாசனைத் தொழிற்சாலையில் வேலை பழகி, ஊருக்கு வந்து வீட்டின் பின்னறையில் சொந்தமாகத் தொடங்கியவர். நாங்கள் கேட்டது நெல் வெட்டி முடிந்த வயலின் மணம்: காய்ந்த வைக்கோல், மெல்லிய புகை, மேலே கொஞ்சம் தேசிக்காய்ப் புளிப்பு. முதல் சாம்பிளை முகர்ந்த மைத்துனி, இதுதான் இதுதான் என்று போத்தலைக் கீழே வைக்கவேயில்லை. இருந்தாலும் புகையைக் குறைக்கச் சொன்னோம். இரண்டாவது சொன்னபடியே வந்தது. "இன்னும் கொஞ்சம் உயிரோட்டம் வேண்டும்" என்று எழுதி அனுப்பினோம். மூன்றாவது மண்ணெண்ணெய் போல வந்தது. நாலாவதும் அதே மாதிரி, இன்னும் கடுமையாக. போனில் கேட்டால், "ஓம் தங்கச்சி, செய்து தாறன்" என்பார். அதற்கு மேல் கதை இல்லை. பெருநாளுக்கு முன் சரக்குத் தருவதாகக் கடைகளுக்குச் சொல்லியிருந்ததால் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கொழும்பிலிருந்து கல்முனைக்கு முந்நூற்றைம்பது கிலோமீற்றர் அளவில் வரும். மாலையில் பஸ் ஏறினால் விடியற்காலையில் இறங்கலாம். குளிரூட்டிய பஸ்ஸுக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. சால்வை ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள், குளிரில் விறைத்துப்போனேன். கல்முனையிலிருந்து சாய்ந்தமருது மூன்று கிலோமீற்றர்தான். ஓட்டோவுக்கு நானூறு கொடுத்தேன். ஏறுமுன்பே விலையைக் கதைத்துக்கொள்வது நல்லது.

காலையில் முதல் வேலையாக நவ்பர் நானாவும் நானும் சவளக்கடை என்ற வயல் ஊருக்குப் போனோம். உண்மையான வயலில் நின்று ஒன்றாக முகர்ந்தால் சிக்கல் தீரும் என்பது என் யோசனை. கல்முனையிலிருந்து உள்ளே ஏழெட்டுக் கிலோமீற்றர். வெட்டிய வயலில் ஒரு மூலையில் வைக்கோல் புகைந்துகொண்டிருந்தது. நானா அதன் பக்கத்திலேயே போய் நின்றார்.

"உங்களுக்கு எப்பிடி இரிக்கி, தங்கச்சி? சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். திரும்பவும் கேட்டார். சேற்று மணம் இருக்கிறதா, புகை இனிப்பா கசப்பா என்று துருவித் துருவிக் கேட்டார். கவனமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது.

வீட்டுக்குத் திரும்பும்போது பதினொரு மணி இருக்கும். அவருடைய மனைவி ரிஃபாயா ஆசிரியை, பாடசாலையால் இன்னும் வரவில்லை. "இரிங்க, பிளேன்ரீ ஊத்துறன்" என்று நானா குசினிக்குள் போனார். கதவு திறந்ததும் எனக்குக் காஸ் மணம் அடித்தது. லேசாக அல்ல, தொண்டையைப் பிடிக்கிற அளவுக்கு. அவர் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு லைட்டரைக் கையில் எடுத்தார்.

"நானா, பத்த வைக்காதீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. ஓடிப்போய் லைட்டரைப் பறித்தேன். அடுப்பின் திருகு காலையிலிருந்தே அரைவாசி திறந்து கிடந்திருக்கிறது. அதை மூடி, யன்னல்களைத் திறந்துவிட்டு இருவரும் முற்றத்துக்கு வந்தோம். அடுத்த அறையில் போத்தல் போத்தலாக வாசனை கலக்கிற மதுசாரம், ஒரு பொறி போதும்.

அவர் படியில் உட்கார்ந்தார். "எனக்கு ஒண்டும் மணக்குதில்ல, தங்கச்சி" என்றார்.

இரண்டாவது சாம்பிளை அனுப்பிய கையோடு காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போனது, மணம் திரும்பவில்லை. காத்திருந்து பார்க்கத்தான் டொக்டரும் சொன்னாராம். என் குறிப்புகளை வைத்து, பழைய அனுபவத்தில், குருட்டாம்போக்கில் அடுத்த இரண்டையும் கலந்திருக்கிறார்.

"சொல்லியிருக்கலாமே, நானா."

"மூக்கு இல்லாதவனுக்கு ஆரு வேலை தருவா?"

இரண்டு மணிக்கு ரிஃபாயா வந்தார். வீட்டில் இன்னும் லேசாகக் காஸ் மணம் நின்றது. அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. நானா சொல்லச் சொல்ல அழாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன கிழம பழுதான மீன் ஆணத்த நல்லாரிக்கி எண்டு திண்டீங்களே" என்றார். அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார்.

பின்னேரம், மைத்துனிக்குப் பிடித்த அந்த முதல் சாம்பிளையே திரும்பச் செய்து பார்த்தோம். அது ஒரு துளியும் மிஞ்சியிருக்கவில்லை, நிறைகள் மட்டும் நானாவுக்கு நினைவிருந்தன. தராசில் அவர் நிறுக்க, முதல் சாம்பிளை அப்போதே முகர்ந்திருந்த ரிஃபாயாவும் நானும் முகர்ந்தோம். தேசிக்காய் எண்ணெய் புதிதாக வாங்கியது, பழையதைப்போல இல்லை. "கிட்ட வந்திட்டு. ஆனா அது இல்ல" என்றார் ரிஃபாயா. எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவருக்கு மணக்கவில்லை. கடைசியில் நான்தான் போதும் என்றேன்.

அந்தக் கிட்ட வந்த வாசனையில்தான் எங்கள் சவுக்காரம் இப்போது விற்கிறது, பெருநாள் கழிந்து பல மாதம் பிந்தி. நானா தொழிலை விட்டுவிட்டார். மச்சானின் இரும்புக் கடையில் நிற்கிறார். எழுதலாமா என்று கேட்டேன். பேரை மாற்றி எழுதச் சொன்னார்.

வாசனை செய்விக்கப் போகிறவர்களுக்கு: முதல் சாம்பிளில் கொஞ்சத்தை மூடி வையுங்கள், ஒப்பிட வேறு வழியில்லை. "உயிரோட்டம்" என்றெல்லாம் எழுதாதீர்கள். புகை கூட, புளிப்புக் குறைவு என்று மூக்கில் பட்டதை எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நன்றாக வந்துகொண்டிருந்தது திடீரென்று கெட்டால் இன்னொரு திருத்தம் கேட்காமல் பஸ் ஏறுங்கள். போய் இறங்கியதும் ஆளின் சுகத்தை விசாரியுங்கள்.

போன மாதம் சவுக்காரம் ஒரு பெட்டி அவர்களுக்கு அனுப்பினேன். நானா போன் எடுத்தார். ரிஃபாயா முகர்ந்து பார்த்து நல்லது என்றாராம்.

"உங்களுக்கு அந்த மணம் நினைவிருக்கா, நானா?" என்று கேட்டேன்.

"இருந்திச்சு" என்றார். "இப்ப அதுவும் மறந்து வருது."