நேராக நிற்கும் தலை

ஹாம்புர்க்கில் என் தலையை அசையாமல் வைத்துக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. மேலாளர் ஸ்டெஃபான் ஒரு வேலையை விளக்குவார். நான் மயிலாப்பூர் வழக்கப்படி தலையை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்துக் கேட்பேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யா ஓடர் நைன்?" என்பார். ஆமாவா, இல்லையா? 'சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதுதான் என் அசைவுக்குப் பொருள். அதை அவருக்கு விளக்க ஜெர்மன் மொழியில் எனக்குச் சொல் அகப்படவில்லை. அசைவையே விட்டேன். ஒருவர் பேசும்போது வாய் திறக்காமல், கண்ணைப் பார்த்துக் கேட்கப் பழகினேன். அடுத்த ஆண்டு மதிப்பீட்டில், கவனமாகக் கேட்பவர் என்று எழுதினார்.

போன மாதம் விடுமுறையில் சென்னைக்குப் போனேன். கே.கே. நகரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பள்ளித் தோழன் பாஷா, அடையாறில் ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னான். நாங்கள் கனமான எதையும் முகம் பார்த்துப் பேசியவர்கள் இல்லை. ப்ளஸ் டூவில் தோற்றதைக்கூட அவன் பட்டினப்பாக்கம் மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். நான் மணலைக் கிளறியபடி 'ம்' கொட்டினேன். அது அவனுக்குப் போதுமாக இருந்தது.

டீக்கடையில் எதிரெதிரே நின்றோம். கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்படுவதாகவும், டாக்டர் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னதாகவும், மனைவிக்கு இன்னும் தெரியாது என்றும் சொன்னான். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். என்னிடம் இருந்த முழுக் கவனத்தையும் அவனுக்குக் கொடுத்தேன். அசையவில்லை, கண்ணை எடுக்கவில்லை. அவன் குரல் தேய்ந்தது.

"இன்னாடா, ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். எழுதுறவன் மாதிரி பாத்துகினு கீற?"

"கேக்கறேன்டா, சொல்லு."

"ஒண்ணுமில்ல மச்சி, வுடு. டீ ஆறிப்போவுது."

டெஸ்டுக்குக் கூட வருகிறேன் என்றேன். அங்கே குளிர் எப்படி என்று கேட்டான். ஆட்டோ ஏறும்வரை கட்டியைப் பற்றிய பேச்சு திரும்ப வரவில்லை. எனக்கு அசையாத என் கழுத்தின் மேலேயே எரிச்சல் வந்தது.

ஹாம்புர்க் திரும்பியதிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் அழைக்கிறேன். நேற்று அவன் பின்னால் மனைவி நடமாடுவது தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டேன். பாஷா தலையை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தான். எடுத்துவிட்டானா, எடுப்பானா, இப்போது வேண்டாம் என்கிறானா? ஒரு காலத்தில் வகுப்பின் மறுகோடியிலிருந்தே அதைப் படித்துவிடுவேன்.

"ஆமாவா, இல்லையாடா?" என்றேன்.

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது. அவன் மறுபடியும் சாய்த்தான். திரையின் மூலையில், சிறு கட்டத்துக்குள், என் தலை நேராக நின்றது.